ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் நாங்கள் என்ன செய்கிறோம்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வரவு செலவு, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பசி நேரம். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

செயலாளருக்கு வந்த புகார்களில் இரண்டு எங்களைப் பற்றியவை. மாடி அறையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தலைவலி உண்டாக்குகிறோம் என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அறையை நாங்கள் பிடித்துக்கொள்வதால் கேரம் விளையாட முடியவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான புகார்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே நீங்கள் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நாங்கள் நாலு பேர். நான் ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இன்னொருவர் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். மூன்றாமவர் காவல்துறை பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்ற அண்ணன். நாலாவது, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். நாலு பேரும் இசை எழுதுகிறோம். பாட்டு இல்லை, சினிமா மெட்டும் இல்லை. வயலின், புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன், ட்ரோம்போன் என்று பல கருவிகள் சேர்ந்து வாசிக்கிற மேற்கத்திய செவ்வியல் இசை. எழுதியதை ஒருவருக்கொருவர் காட்டி, எங்கே சரியில்லை என்று கேட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான் எங்கள் வேலை.

போடியில் உட்கார்ந்துகொண்டு சிம்பொனியா என்று சிலர் சிரித்தது எனக்குத் தெரியும். தேவாரம் வழியாகப் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் பண்ணைப்புரம் வந்துவிடும். அந்த ஊரில் 1943-இல் பிறந்த இளையராஜா எழுதிய முதல் சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. அந்தச் செய்தியை நம் தெருவில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினோம். ஆனால் அவர் அந்த இடத்துக்கு எப்படிப் போனார் என்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

அண்ணன் பாவலர் வரதராஜனுடன் ஊர் ஊராகக் கச்சேரி செய்துவிட்டு, 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போகிறார். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்கிறார். பிறகு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருக்கும்போது, தானாக எழுதிப் பார்த்த தாள்களை ஒலிப்பதிவுக்கு வந்த வாத்தியக்காரர்களிடம் கொடுத்து, அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்வாராம். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். அதற்கு முந்தைய கதை இது. எழுதினவன் காதில் ஒலிப்பது ஒன்று, வாத்தியத்திலிருந்து வருவது வேறொன்று. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும். அவருக்கு அந்த ஆட்கள் சென்னை ஸ்டுடியோவில் கிடைத்தார்கள். எங்களுக்கு மாடி அறையில் ஒரே ஒரு கிளாரினெட் அண்ணன் கிடைத்திருக்கிறார்.

அவர் எங்களுக்கு எப்படி வாய்த்தார் என்று சொல்கிறேன். அதில் என் மானம் போன கதையும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற புதிதில் பேரன் என் கணினியில் மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது. அதில் சுரங்களை எழுதினால் கணினியே எல்லாக் கருவியையும் வாசித்துக் காட்டும். முழுத் தாளைப் பார்த்தால் எனக்குப் பழைய பேரேடு ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை. இடமிருந்து வலமாகப் படித்தால் அந்தக் கருவியின் கணக்கு, மேலிருந்து கீழாகப் படித்தால் அந்த நொடியின் மொத்தக் கணக்கு. முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு இது பயமாகத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் ‘போடிமெட்டு’ என்று ஒன்றை எழுதினேன். மேகம் இறங்குகிற இடத்தில் தனியாக ஒரு புல்லாங்குழல், கீழ்ச்சுரங்களில். அதற்கு அடியில் மலை மாதிரி மூன்று ட்ரோம்போன்கள். கணினியில் கேட்டால் கண்ணீர் வரும். எனக்கு வந்தது.

கீபோர்டு வாசிக்கும் நண்பர்தான் பேண்டு அண்ணனைக் கூட்டி வந்தார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். கணினியைப் போட வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “தம்பி, இந்த ஃப்ளூட்டு வாசிக்கிறவன் வீட்டுக்குப் போயிட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது.”

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அப்புறம் விளக்கினார். மேற்கத்தியப் புல்லாங்குழலின் கீழ் எட்டுச் சுரங்கள் மூச்சுக் காற்று கலந்த மெல்லிய சுரங்கள். அழகாக இருக்கும், ஆனால் பலம் கிடையாது. மேலே ஏற ஏறத்தான் அதற்குக் குரல் வரும். கணினியில் புல்லாங்குழலின் சத்தத்தை விரலால் தள்ளிக் கூட்டிவிடலாம். மேடையில் யார் கூட்டுவது? மைக் வைக்காமல் வாசிக்கிற இசை இது.

அதன் பிறகுதான் ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்ற ரஷ்யர் ஆர்கெஸ்ட்ரேஷனைப் பற்றி, அதாவது எந்த வரியை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்பதைப் பற்றி, எழுதிய புத்தகத்தைத் தேடிப் படித்தேன். அவர் ஒரு கணக்கு கொடுக்கிறார். பலமாக வாசிக்கும் இடத்தில் ஒரு ட்ரம்பெட்டுக்கோ ட்ரோம்போனுக்கோ இரண்டு ஹார்ன் சமம். ஒரு ஹார்னுக்கு இரண்டு புல்லாங்குழலோ கிளாரினெட்டோ சமம். நான் கணக்கன் இல்லையா, போட்டுப் பார்த்தேன். மூன்று ட்ரோம்போனை எதிர்க்க எனக்குப் பன்னிரண்டு புல்லாங்குழல் வேண்டும். அதுவும் நல்ல குரல் வரும் மேல்சுரங்களில். நான் கொடுத்திருந்தது ஒன்றே ஒன்று, பாதாளத்தில். ட்ரோம்போனை எடுத்துவிட்டு, செல்லோவை மெதுவாக இழுக்க விட்டேன். மேகம் இறங்கியது.

இந்த ரிம்ஸ்கி யார் என்பதும் சுவையான கதை. கடற்படை அதிகாரி. பீட்டர்ஸ்பர்க்கில் பாலகிரெவ் என்பவரைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். முசோர்க்ஸ்கி ராணுவத்தில் இருந்துவிட்டு அரசு குமாஸ்தா ஆனவர், சேசர் குயி கோட்டை கட்டும் ராணுவப் பொறியாளர், போரோதின் வேதியியல் பேராசிரியர். போரோதினுக்கு உடம்பு சரியில்லாமல் கல்லூரிக்குப் போகாத நாளில்தான் இசை எழுத நேரம் கிடைக்கும். அதனால் நண்பர்கள் அவர் நோயாகக் கிடக்க வேண்டும் என்று வாழ்த்துவார்களாம். ரிம்ஸ்கி தன் முதல் சிம்பொனியின் நடுப்பகுதியை, கப்பல் இங்கிலாந்தில் நின்றபோது எழுதி, தபாலில் பாலகிரெவுக்கு அனுப்பினார். 1865-இல் அது அரங்கேறி முடிந்ததும் கடற்படைச் சீருடையில் மேடையேறி வணங்கிய பையனைப் பார்த்து எல்லோரும் திகைத்துப் போனார்கள். அப்போது அவருக்கு வயது 21. ஆறு வருஷம் கழித்துப் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் அவரைப் பேராசிரியராகவே போட்டுவிட்டார்கள். பாடம் நடத்தும் அளவுக்கு முறையாகப் படித்திருக்கவில்லை என்பது அவருக்கே தெரியும். மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் தானும் படித்துக்கொண்டே நடத்தினார். 1873-இல் கடற்படை பேண்டுகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஆனார். அந்தச் சாக்கில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தானே கையில் எடுத்து வாசித்துப் பழகினார். அந்தக் கணக்கெல்லாம் பேண்டுக்காரர்களோடு பழகி வந்தது. இதைச் சொன்னபோது எங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வயிற்றுப் பிழைப்பு ஒன்று, இசை ஒன்று என்று இருந்தவர்கள் நம் பக்கமும் உண்டு. ஆபிரகாம் பண்டிதரைத் தஞ்சாவூர்க்காரர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அவர் சித்த மருத்துவர். அந்த மருத்துவத்தை அவர் கற்றது நம் கம்பத்துக்குப் பக்கத்துச் சுருளிமலையில், கருணானந்தர் என்ற துறவியிடம். மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தில் 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் கூட்டினார். வித்வான்களை வரவழைத்து, சுருதி எத்தனை என்று தான் போட்ட கணக்கை அவர்கள் முன் வைத்து, தப்பென்றால் சொல்லுங்கள் என்றார். சொன்னார்கள், சண்டையும் போட்டார்கள். 1917-இல் வந்த ‘கருணாமிர்த சாகரம்’ அந்தச் சண்டைகளைத் தாங்கி வந்த புத்தகம். நான் சுருளி அருவிக்கு எத்தனையோ தடவை குளிக்கப் போயிருக்கிறேன். இது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். இதைச் சொல்வதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். பேரைச் சொல்ல வேண்டாம் என்றாள்.

அவள் அம்மா ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, மெட்டு தாண்டி அந்தப் பக்கம் காய் எடுக்கப் போய், இருட்டும்போது வருவார். நம் குடியிருப்பிலேயே அந்த ஜீப் சத்தத்தில் எழுந்திருக்கிற வீடுகள் உண்டு. அவள் அதை எழுதிக்கொண்டு வந்தாள். ‘ஜீப்’ என்றே பெயர். இரண்டு வயலின், வயோலா, செல்லோ, இரண்டு கிளாரினெட். எழுதி முடித்து முதல் தடவை எங்களிடம் கொடுத்தாள்.

அண்ணன் கிளாரினெட்டை எடுத்து வாசித்தார். எல்லாச் சுரமும் ஒரு படி கீழே வந்து, கீபோர்டோடு சேராமல் கன்றாவியாக இருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. அண்ணன் சிரித்தார். “இது பி-ஃபிளாட் கிளாரினெட்டுமா. நீ ‘சி’ன்னு எழுதுனா எனக்கு ‘பி-ஃபிளாட்’தான் வரும். உனக்கு என்ன கேக்கணுமோ அதுக்கு ஒரு படி மேல எழுதித் தா” என்றார். இன்னொரு இடத்தில் இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாகப் போட்டிருந்தாள். தாளில் அவை அடுத்தடுத்த சுரங்கள். ஆனால் கிளாரினெட்டில் அந்த இடத்தில்தான் கீழ்ப்பகுதி முடிந்து மேல்பகுதி தொடங்குகிறது. ஒரு சுரத்துக்கு விரல்கள் கிட்டத்தட்ட எல்லாம் திறந்திருக்கும், அடுத்ததற்கு எல்லாத் துளையையும் மூட வேண்டும். வேகமாகப் போனால் தடுமாறும். விரலை வைத்துக் காட்டினார். அவள் குறித்துக்கொண்டாள். அடுத்த வாரமே திருத்திக் கொண்டுவந்தாள், சந்தோஷமாக.

நான் சும்மா இருந்திருக்கலாம். அப்போதுதான் ஹார்மனி புத்தகம் ஒன்று முடித்திருந்தேன். இரண்டு குரல்கள் ச-ப இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு சேர்ந்து ஏறி இறங்கக் கூடாது என்பது அந்தப் புத்தகத்தின் முதல் விதிகளில் ஒன்று. அவளுடைய இரண்டு கிளாரினெட்டுகளும் இருபது பாருக்கு அப்படியேதான் போயின. சிவப்புப் பேனாவை எடுத்தேன். இருபது பாரையும் வட்டம் போட்டேன். போதாக்குறைக்கு, இரண்டாவது கிளாரினெட்டுக்கு விதிப்படி ஒரு வரியும் எழுதிக் கொடுத்தேன். கமிஷன் கடையில் தப்பான கூட்டலை அடிப்பேன் பாருங்கள், அதே வேகம்.

அவள் “சரிங்க மாமா” என்றாள். மாற்றி எழுதினாள். கணினியில் போட்டோம். சுத்தமாக இருந்தது. எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கக் கூடிய இசையாகவும் இருந்தது. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எட்டு மாதம் வரவில்லை. பரீட்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன்தான் ஒருநாள் கேட்டார். “அந்தப் புள்ள ஏன் ரெண்டையும் ஒட்டியே எழுதுச்சுன்னு கேட்டீங்களா தம்பி?” கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கிறார். ஜீப்பில் அம்மாவும் பக்கத்துவீட்டு அக்காவும் பாடிக்கொண்டே போவார்களாம். அக்காவுக்கு மேல்குரல் எட்டாது. அதனால் கீழே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதே மெட்டை அங்கிருந்தே பாடிவிடுவார். ஒருவர் சட்ஜமத்தில், ஒருவர் கீழே, விலகாமல். வளைவில் ஜீப் திரும்பும்போது அந்த இரண்டு குரலும் சேர்ந்து வரும். சின்ன வயதில் லீவு நாளில் கூடப் போனபோது கேட்டதாம். அவள் எழுதிக்கொண்டு வந்தது அதைத்தான். நான் அடித்ததும் அதைத்தான்.

முசோர்க்ஸ்கி கதையை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 1867-இல் மொட்டைமலை இரவைப் பற்றி ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு துண்டு எழுதி பாலகிரெவிடம் கொடுக்கிறார். பாலகிரெவ் கடுமையாகக் குறை சொல்கிறார், மேடையேற்ற மறுக்கிறார். எழுதியவர் உயிரோடு இருந்தவரை அது ஒரு தடவைகூட வாசிக்கப்படவில்லை. அவர் இறந்த பிறகு ரிம்ஸ்கி தன் பாணியில் மாற்றி எழுதியதுதான் உலகமெல்லாம் பிரபலமானது. அசல் தாள் அச்சாவதற்கு 1968 ஆயிற்று. நூற்றியொரு வருஷம். இரண்டையும் கேட்டேன். ரிம்ஸ்கி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அசல் முரட்டுத்தனமாக, கரடுமுரடாக, பயமாக இருக்கிறது. மலையில் இருட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எது உண்மை என்று தெரியும். பாலகிரெவும் ரிம்ஸ்கியும் கெட்டவர்கள் இல்லை. நண்பனுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காபி கொடுத்தார். விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியாது. பிள்ளை படிப்பை விட்டுவிட்டு இதில் நேரம் போக்குகிறாளோ என்ற கவலைதான் அவருக்கு. அவளிடம், “பழைய தாள் இருக்காம்மா?” என்று கேட்டேன். இருந்தது. என் சிவப்பு வட்டங்களோடு. “அத நான் அழிச்சிருக்கக் கூடாது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தாள்.

அதிலிருந்து அறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தாளை வைத்தவுடன் யாரும் பேனாவை எடுக்கக் கூடாது. எழுதியவர் முதலில், இதில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு மற்றவர்கள், அது கேட்கிறதா, கேட்கவில்லை என்றால் எந்த வாத்தியம் எதை மறைக்கிறது, மூச்சு போதுமா, விரல் எட்டுமா என்று மட்டும் சொல்லலாம். வயலினின் கடைசித் தந்தி ‘ஜி’. அதற்குக் கீழே எழுதினால் வராது என்று சொல்லலாம். ஆறு பாருக்கு ஹார்ன்காரருக்கு மூச்சுவிட இடமில்லை என்று சொல்லலாம். மெட்டு பிடிக்கவில்லை என்றால் அதைக் கீழே டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். தாளில் எழுதக் கூடாது. விதி தெரிய வேண்டாமா என்று கீபோர்டு நண்பர் கேட்கிறார். தெரியத்தான் வேண்டும். இதில் எனக்கும் அவருக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விதியைச் சொல்லிக் கொடுக்கலாம், அடுத்தவர் தாளில் அமல்படுத்தக் கூடாது என்பது என் கட்சி.

ஒரே வரியை முப்பது தடவை வாசிப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். எங்களிடம் ஆர்கெஸ்ட்ரா இல்லை. ஒரு கிளாரினெட், ஒரு கீபோர்டு, மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் வயலின் படிக்கிற பையன். மற்ற வரிகளை வாயால் பாடித்தான் பார்க்க வேண்டும். கணினியை நம்பி நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிட்டேன்.

அதனால் சங்கத்திடம் கேட்பது இதுதான். ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை மட்டும் மாடி அறை. ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். 6 மணிக்கு மேல் ஒரு சுரமும் வராது. கேரம் பலகையைக் கீழே வராந்தாவுக்கு நானே தூக்கி வந்து வைக்கிறேன். அங்கே விளக்கு மட்டும் ஒன்று போட்டுக் கொடுங்கள். யார் வீட்டுப் பரணிலாவது பழைய வயலின் இருந்தால், தந்தி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லி அனுப்புங்கள்.

பொங்கல் சந்திப்பில் ‘ஜீப்’பை வாசிக்கப் போகிறோம். ஆறு நிமிடம்தான். இரண்டு கிளாரினெட்டும் ஒட்டியே போகும், பழைய தாளில் இருந்தபடி. இரண்டாவது கிளாரினெட்டுக்கு அண்ணனுடைய பழைய பேண்டு நண்பர் ஒருவர் தேனியிலிருந்து வருகிறார். அந்தப் பெண்ணின் அம்மா இதை இன்னும் கேட்கவில்லை. ஜீப் வராத நாளாகப் பார்த்துத் தேதி வைக்க வேண்டும். முன் வரிசையில் அவருக்கும் பக்கத்துவீட்டு அக்காவுக்குமாக இரண்டு நாற்காலி போட வேண்டும் என்பதைச் செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு தயார் என்று சைகை வருகிறது.